மல்லி வாசத்துக்கு அடியில் ஒரு சூடு

ராக்கையா தன் வாழ்நாளில் ஒரு ஏலக்காயைக்கூடத் திருடியதில்லை. ஆனால் கம்பம் பஸ் ஸ்டாண்டில் நின்று ஏலக்கா ராக்கையா வீடு எங்கே என்று கேட்டுப் பாருங்கள். சுருளிப்பட்டியில் எந்தத் தெரு, எத்தனையாவது வீடு என்பது வரைக்கும் சொல்லிவிடுவார்கள். டீக்கடைக்குள் அவன் நுழைந்தால், "அண்ணன் டீக்கு ஏலக்கா போட்றாதப்பா, அவரே மடியில வச்சிருப்பாரு" என்று எவனாவது ஒருத்தன் ஆரம்பிப்பான். கடையே சிரிக்கும். அவன் குடித்துவிட்டு எழுந்து போவான். ஒன்பது வருஷம் அவன் குடித்த டீயெல்லாம் இப்படித்தான் இறங்கியது.

சிரித்தவர்கள் மேல் அவனுக்கு ஆத்திரம் இல்லை. அவர்களுக்கு என்ன தெரியும்? ஆத்திரமெல்லாம் கிளாரா மேல். அவன் திருடவில்லை என்று நிச்சயமாகத் தெரிந்தவள் அவள். தெரிந்தும், கேட்க வேண்டிய இடத்தில் கேட்டபோது தலையைக் குனிந்து நின்றாள். செருப்பால் அடித்திருந்தால்கூட மறந்திருப்பான், அந்தக் குனிந்த தலையைத்தான் மறக்க முடியவில்லை.

கிளாரா அனுமந்தன்பட்டிக்காரி. கல்யாணமாகி மூன்றாம் வருஷம், கிணற்றில் கல் சரிந்து புருஷன் போய்விட்டான். பிள்ளை இல்லை. தாயில்லாத தம்பி ஆண்டனி ராஜைத்தான் பிள்ளை மாதிரி வளர்த்தாள். உத்தமபாளையத்துக்குக் கிழக்கே செண்ட் கம்பெனி திறந்தபோது, அது தொண்ணூற்றேழாம் வருஷம், முதலில் வேலைக்குச் சேர்ந்த எட்டுப் பெண்களில் அவளும் ஒருத்தி. ராக்கையா அங்கே வண்டி டிரைவர்.

செண்ட் கம்பெனி என்று பேர்தானே தவிர அங்கே செண்டு பாட்டில் ஒன்றும் கிடையாது. மல்லி மொட்டைக் கூடை கூடையாக வாங்கி ஷெட்டில் பரப்பிப் போடுவார்கள். பொழுது சாய்ந்து மொட்டு வாய் திறந்ததும், பெரிய இரும்புத் தொட்டிக்குள் தட்டுத் தட்டாக அடுக்கி, சால்வண்ட் என்று ஒரு திரவத்தை விட்டு அலசுவார்கள். பூவில் இருக்கிற வாசம் முழுக்க அதில் இறங்கிவிடும். மறுநாள் காலையில் அந்தத் திரவத்துக்குப் பாய்லரிலிருந்து ஸ்டீம் கொடுத்துப் பதமாகச் சூடு காட்டினால் சால்வண்ட் பிரிந்து போகும், அடியில் ஆரஞ்சு நிறத்தில் மெழுகு மாதிரி ஒன்று தங்கும். ஒரு வண்டிப் பூவுக்கு ஒரு தூக்குவாளி மெழுகு. அது பம்பாய்க்குப் போய் அங்கிருந்து வெளிநாடு போகும்.

அந்தச் சால்வண்ட் பெட்ரோலுக்கு அண்ணன். ஒரு பொறி போதும். ஷெட்டுக்குள் பீடி, தீப்பெட்டி கூடாது. கொலுசு கூடாது. நைலக்ஸ் சேலை கூடாது. மற்றவர்கள் இரண்டு மாதத்தில் பழகிவிட்டார்கள். கிளாரா பழகவே இல்லை. தினமும் உள்ளே போகும்போது சிலுவை போட்டுக்கொள்வாள், வெளியே வந்ததும் இன்னொரு தடவை. கரண்டு போனால் போடுவாள். காக்கிச்சட்டையைக் கண்டால், அது மீட்டர் பார்க்க வருகிற ஆளாக இருந்தாலும், சுவரோடு ஒட்டிக்கொள்வாள்.

கூட வேலை பார்க்கிற அன்னத்தாய் சும்மா விடுவாளா? "ஏன்டி கிளாரா, ஒரு நாளைக்கு இத்தனை தரம் கூப்புட்டா உங்க சாமிக்கே காது அடச்சுப் போகும்டி. செத்த நேரம் அதையும் தூங்கவிடு."

"நீ சிரிப்படி. என்னைக்காச்சும் பத்திக்கிட்டா யாரு சிரிப்பா?"

"ஏ, நல்ல வார்த்தை சொல்லுடி, பயந்தாங்குளி."

ஆனால் மூக்கு என்றால் கிளாரா மூக்குதான். மேனேஜர் பாண்டியராஜன் படித்த ஆள், அவரே மெழுகை எடுத்துக்கொண்டு அவளிடம் வருவார். எந்தத் தோட்டத்துப் பூ, காலையில் பறித்ததா மத்தியானம் பறித்ததா என்று சொல்லிவிடுவாள்.

இப்போது வண்டி விஷயத்துக்கு வருகிறேன். கம்பெனி முதலாளிக்குப் பூக் கமிஷனும் உண்டு. விடியும் முன்னே ராக்கையா செண்டுப்பூவும் மல்லியும் ஏற்றிக்கொண்டு லோயர் கேம்ப் வழியாகக் குமுளிக்கு ஏறுவான். இறக்கிவிட்டு, காலிக் கூடைகளை அடுக்கிக்கொண்டு மத்தியானத்துக்குள் கம்பெனிக்குத் திரும்புவான். கூடைகளை உதறி அடுக்குவது கிளாரா வேலை. பிறகு அதே கூடைகளோடு சீலையம்பட்டிப் பக்கத் தோட்டங்களுக்குப் போய் மொட்டு ஏற்றி வருவான். கூடைக்குள்ளே அடியில் பூ வாடாமலிருக்க ஈரச்சாக்கு விரித்திருக்கும்.

அந்தச் சாக்குக்கு அடியில்தான் ஏலக்காய் வந்தது.

ஆண்டனி ராஜுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. குமுளிக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் ஏலக்காய் காயவைக்கிற ஸ்டோரில் வேலை. தட்டிலிருந்து தினம் ஒரு கை அள்ளி ஒளித்து வைப்பான். ஒரு துணிப்பை நிறைந்ததும் பூ மார்க்கெட்டுக்கு இறங்கி வந்து, ராக்கையா டீ குடிக்கப் போகிற நேரம் பார்த்து அடிக்கூடையில் திணித்துவிடுவான். செக்போஸ்ட்டில் காலிப் பூக்கூடையை யார் கிளறுவார்கள்? இங்கே கிளாரா எடுத்து வைப்பாள். ஞாயிற்றுக்கிழமை அவன் வந்து வாங்கிப் போவான். இதொன்றும் ராக்கையாவுக்கு அன்றைக்குத் தெரியாது. ஒன்பது வருஷம் கழித்து அவள் வாயால் கேட்டபிறகுதான் எல்லாம் பொருந்தியது. மேலே இருந்து வரும்போது மட்டும் அவள் வண்டியைப் பார்க்க ஓடி வந்ததும், அடிக்கூடையை அவளே முதலில் இறக்கியதும்.

அவள் தம்பியிடம் கெஞ்சிப் பார்த்தாள். அந்த எஸ்டேட்டில் முந்தின வருஷம் திருட்டில் பிடிபட்டவனைக் கட்டிவைத்து அடித்ததில் அவனுக்கு ஒரு காது கேட்காமல் போயிருந்தது. "வேணாம்டா தம்பி, உன்னைக் கொன்னே போட்டுருவாய்ங்க" என்றாள்.

"ஓணம் வரைக்கும்தாங்க்கா. அதோட முடிச்சுக்கிடுறேன்" என்றான் அவன்.

தொண்ணூற்றொன்பதாம் வருஷத்து ஓணம் வந்தது. குமுளி ரோட்டில் வண்டி நகரவில்லை. ராக்கையா இறங்கும்போதே மத்தியானம் தாண்டிவிட்டது. கம்பெனிக்குள் வராமல் நேரே தோட்டங்களுக்குப் போய் மொட்டை ஏற்றிக்கொண்டு பொழுது இறங்க வந்து சேர்ந்தான். அன்றைக்கென்று பம்பாயிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்று கிளாராவை ஆபீஸ் கழுவ அனுப்பியிருந்தார்கள். அன்னத்தாய் கூடைகளைக் கவிழ்த்தாள். அவசரத்தில் சாக்கும் சேர்ந்து விழுந்தது. சாக்கை உதறிப் போட்டாள். பூவுக்குள் புதைந்த பையை அவள் பார்க்கவில்லை. வழியிலேயே மொட்டு விரிந்துவிட்டதால், பரப்பாமல் அப்படியே தட்டில் வாரிப் போட்டார்கள், பூவோடு பையும் தொட்டிக்குள் போய்விட்டது.

மறுநாள் காலையில் சக்கைப் பூவை வாரும்போது கிளாராவின் கையில் அந்தப் பை தட்டுப்பட்டது. வெளுத்துச் சப்பென்று போன ஏலக்காய். யாரும் பார்ப்பதற்குள் மடியில் கட்டிக்கொண்டாள். அன்று சாயங்காலம் முல்லையாற்றில் போட்டுவிட்டாளாம்.

அத்தோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. அந்த மெழுகு வேறு மாதிரி இருந்தது. பாண்டியராஜன் ஒரு சொட்டைக் கரைத்து, காகிதத்தில் தடவி, எல்லாருக்கும் நீட்டினார். ராக்கையாவும் மோந்து பார்த்தான். முதலில் மல்லிதான், தலையில் வைத்தது போல. மூச்சை இழுத்து விடுவதற்குள் அதற்கடியிலிருந்து ஒரு சூடு எழும்பி வந்தது. குளிருக்குக் கம்பளிக்குள் கை நுழைத்தது போல. காரமும் இல்லை, இனிப்பும் இல்லை. எங்கேயோ பழகிய வாசம், மல்லி மூடியதால் பேர்தான் அகப்படவில்லை. இன்னொரு தடவை மோக்கச் சொன்னது மூக்கு.

"என்னாது கிளாரா இது?" என்றார் பாண்டியராஜன்.

அவளுக்கா தெரியாது? "பிடிபடலைங்க சார்" என்றாள். கிளாராவின் மூக்குக்குப் பிடிபடாத வாசமா என்று அன்றைக்கே ராக்கையாவுக்கு ஒரு நெருடல் தட்டியது. ஜலதோஷமாக இருக்கும் என்று விட்டுவிட்டான்.

ஒரு மாதத்தில் பம்பாயிலிருந்து கடிதம் வந்தது. இதே சரக்குத்தான் வேண்டும், இந்த வருஷம் எடுக்கிறது எல்லாம் இதேபோல வேண்டும் என்று. பாண்டியராஜனுக்குத் தூக்கம் போயிற்று. தோட்டத்தை மாற்றினார். பறிக்கிற நேரத்தை மாற்றினார். மெழுகு வந்தது, மல்லி மணத்தது, அடியில் அந்தச் சூடு மட்டும் இல்லை. கடைசியில் அவருக்கு ஒரு யோசனை பிறந்தது. வாசத்தில் சூடு இருக்கிறதென்றால், அன்றைக்குத் தொட்டியில் ஸ்டீம் கூடுதலாக ஏறியிருக்க வேண்டும். லேசாகத் தீய்ந்த வாசம்தான் அது. ஆகவே சூட்டைக் கூட்டு.

அங்கிருந்துதான் பயம் ஷெட்டுக்குள் குடிவந்தது.

பாய்லர் பார்க்கிற சுருளியாண்டி நிதானமான ஆள். முதல் நாள் ஸ்டீமைக் கூட்டிவிட்டு வெளியே வந்தவன் ராக்கையாவிடம் பீடி கேட்டான். வாங்கினான், பற்றவைக்கவில்லை. விரலிடுக்கில் வைத்து நசுக்கிக்கொண்டே இருந்தான்.

"பிரஷர் முள்ளு செகப்புக் கோட்டைத் தொடுதுப்பா. சார்கிட்ட சொன்னா, தொடட்டும்கிறாக."

"தாண்டுனா?"

"தாண்டுனா நான் உங்கிட்ட பீடி கேக்க வரமாட்டேன்."

இரண்டாம் நாள் இன்னும் கூட்டினார்கள். குழாய்க்குள் யாரோ சுத்தியலால் தட்டுவது போல டக், டக் என்று சத்தம் வந்தது. எட்டுப் பெண்களும் அதைக் கேட்டுக்கொண்டே பூ ஆய்ந்தார்கள். அன்னத்தாய்கூட வாயைத் திறக்கவில்லை. கிளாரா ஒவ்வொரு சத்தத்துக்கும் கண்ணை மூடினாள். சத்தம் நின்றால் இன்னும் பயந்தாள். தான் ஒரு வார்த்தை சொன்னால் இந்தச் சத்தம் நின்றுவிடும். சொன்னால் தம்பியைக் கட்டிவைப்பார்கள். இரண்டு பக்கமும் நெருப்பு. வீட்டுக்குப் போய்ச் சோற்றில் கை வைத்தால் இறங்காது. நாற்பது வயதுப் பொம்பளை, கடிதம் வந்ததிலிருந்தே இளைத்துப் பாதியாகிப் போனாள். டெங்கு, டைபாய்டு என்று ஆளுக்கொன்று சொன்னார்கள்.

மூன்றாம் நாள் காலை பத்து மணி இருக்கும். அன்றைக்குக் குமுளிக்கு லோடு இல்லாததால் ராக்கையா வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஷெட்டுக்குள்ளிருந்து பாம்பு சீறுவது போல ஒரு சத்தம். தொட்டி மூடியின் வாஷர் விட்டுவிட்டது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. தரையோடு தரையாக அந்தச் சால்வண்ட் நெடி ஊர்ந்து வாசலுக்கு வந்தது. உள்ளே ஒருத்தி தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாள். சுருளியாண்டி, "யாரும் சுவிச்சத் தொடாதீக! தொடாதீக!" என்று கத்திக்கொண்டே வால்வை மூட ஓடினான். ராக்கையாவின் கையிலிருந்த துணி கீழே விழுந்தது. அவனுடைய வண்டியின் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அது அவன் மூளைக்கு எட்டி, சாவியைத் திருப்பி அணைப்பதற்குள் பிடரியெல்லாம் வேர்த்துவிட்டது. எஞ்சின் நின்ற அந்த அமைதியில், இதோ இதோ என்று எல்லாரும் காத்துக்கொண்டு நின்றார்கள். ஒன்றும் ஆகவில்லை. காற்று அடித்தது, நெடி கலைந்தது. பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்கள்.

பாண்டியராஜன் மேல் முழுக்க வேர்வை. ஆனாலும் மனுஷன் என்ன சொன்னார் தெரியுமா? "வாஷரை மாத்து. நாளைக்குத் திரும்பப் பாப்போம். கிட்ட வந்துட்டோம்."

கிளாரா அவர் பின்னாலேயே ஆபீசுக்குள் போனாள். கதவைச் சாத்தத் தெரியவில்லை அவளுக்கு. வாசலில் நின்ற ராக்கையாவுக்கு எல்லாம் கேட்டது.

"சார், அது சூடு இல்லீங்க சார். ஏலக்கா."

"என்னாது?"

"ஏலக்கா வாசம் சார். பூவோட ஏலக்கா விழுந்துருச்சு. சத்தியமா. சூட்டைக் கூட்டாதீக சார், எல்லாரும் செத்துப்போவோம்."

"இங்கன ஏலக்கா எப்படி வரும்?"

"கூடையில வந்துச்சு சார். மேல இருந்து. வண்டிக் கூடையில."

கம்பெனிக்கு இருந்ததே ஒரு வண்டி. அதற்கு ஒரு டிரைவர்.

"ராக்கையா, உள்ள வா" என்றார். "ஏலக்கா கடத்துறியா?"

"யாரு, நானா? சார், நான் பூவைத் தவிர..."

"எத்தனை நாளா நடக்குது?"

"சார், எனக்கு ஒண்ணுமே தெரியாது. ஏ கிளாரா, என்னா பேசுற நீ? நான் வச்சதைப் பாத்தியா? சொல்லு தாயி, வாயத் தெறந்து சொல்லு!"

அவள் கழுத்துச் சிலுவையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். அவன் வைத்தான் என்றும் சொல்லவில்லை, வைக்கவில்லை என்றும் சொல்லவில்லை.

கம்பெனி பேர் கெடும் என்று போலீசுக்குப் போகவில்லை. அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். பாண்டியராஜன் சூட்டைக் குறைத்தார். போடியிலிருந்து நல்ல ஏலக்காயாக வாங்கி அளவு பார்த்துப் போட்டார். பம்பாய்க்காரர்கள் மெச்சினார்கள். வாசம் கம்பெனிக்கு, திருட்டுப் பட்டம் ராக்கையாவுக்கு. மலைக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப் ஓட்டலாம் என்று போனால், எந்த எஸ்டேட் கேட்டிலும் அவனை உள்ளே விடவில்லை. பேர் அவனுக்கு முன்னாலேயே ஏறிப் போயிருந்தது. பழைய லோடு ஆட்டோ ஒன்றை வாங்கி, வாழைத்தாரும் திராட்சையும் அடித்துக் காலத்தை ஓட்டினான். ரோட்டில் கிளாராவைக் கண்டால் எதிர்ப்பக்கம் தாண்டிப் போவான். காறித் துப்பிய நாளும் உண்டு.

இரண்டாயிரத்தெட்டில் மகள் கயலுக்குக் கடமலைக்குண்டிலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருந்தான். பெண் பார்த்துவிட்டு எல்லாரும் சிரித்த முகமாகத்தான் போனார்கள். போகிற வழியில் கம்பத்தில் டீ குடித்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் பையனின் அப்பா போன் பண்ணினார். "பிள்ளையில ஒரு குறையும் இல்ல. வெளிய ஒரு பேச்சு கேள்விப்பட்டோம். திருட்டுச் சொல்லு உள்ள வீட்டுல எங்களுக்குத் தோது வராது, தப்பா நினைக்காதீக." கயல் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. ராக்கையாவின் பெண்டாட்டி ஜக்கம்மா, கிளாரா இருக்கிற திசையைப் பார்த்து மண்ணை வாரித் தூற்றினாள்.

அன்னத்தாய் மூலமாக இது அனுமந்தன்பட்டிக்குப் போயிருக்கிறது. அடுத்த நாள் வெயில் உச்சிக்கு ஏறுகிற நேரத்தில் கிளாரா சுருளிப்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கி, வாசலில் வந்து நின்றாள். ஆள் எலும்பும் தோலுமாக இருந்தாள்.

"ராக்கையாண்ணே, ஒரு வார்த்தை பேசணும்."

"ஒம்போது வருசத்துக்கு முந்திப் பேசியிருக்கணும். இப்ப என்னாத்துக்கு வந்த?"

அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். ஸ்டோர், துணிப்பை, ஈரச்சாக்கு, ஆறு. ஜக்கம்மா விளக்குமாற்றோடு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ராக்கையா அடிக்கத்தான் எழுந்தான். அவள் விலகவில்லை, கண்ணை மட்டும் இறுக மூடிக்கொண்டாள். அன்றைக்குக் குழாய்ச் சத்தத்துக்கு மூடியது போலவே. ஓங்கிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் துண்டை எடுத்துத் தோளில் போட்டான்.

"ஏன் அன்னைக்கே சொல்லல?"

"பயம்ணே."

"இன்னைக்கு?"

"இன்னைக்கும்தான். ஆனா இதுல பாவம் செய்யாத பிள்ளை வாழ்க்கை போகுதே. அதை நினைச்சா அந்தப் பயத்தைவிட இது பெருசாருக்கு. கடமலைக்குண்டுக்கு என்னையக் கூட்டிட்டுப் போங்க. அவுக வீட்டுலயே போயி நான் சொல்லுறேன்."

லோடு ஆட்டோவில் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். கண்டமனூர் தாண்டும்போது எதிரே போலீஸ் வேன் மாதிரி ஒரு நீல நிற வண்டி வந்தது. அவள் சட்டென்று தலையைத் தாழ்த்தினாள்.

"தண்ணி லாரி" என்றான் அவன்.

"தெரியுதுண்ணே" என்று நிமிர்ந்தாள்.

"உன் தம்பிக்குத் தெரியுமா, நீ வர்றது?"

"சொன்னேன். இப்ப அவன் அதே ஸ்டோருக்குச் சூப்பர்வைசரு. ரெண்டு பிள்ளை இருக்கு. 'போனா இனிமே எனக்கு அக்கா இல்ல'ன்னுட்டான்."

ராக்கையா கியரை மாற்றினான்.

கல்யாணம் நடந்ததா என்று கேட்பீர்கள். தை மாதம் நடந்தது. விஷயம் எஸ்டேட்டுக்கு எட்டி ஆண்டனி ராஜின் வேலை போனது. அவன் சொன்ன சொல்லையும் காப்பாற்றினான், அக்காள் வீட்டுப் படி ஏறவே இல்லை. கிளாரா அதற்குப்பிறகு இரண்டு வருஷம் இருந்தாள். இரண்டாயிரத்துப் பத்து ஆடியில், பூ ஆய்ந்துகொண்டிருக்கும்போதே மயங்கி விழுந்து போய்ச் சேர்ந்தாள். அந்த இரண்டு வருஷமும் வழியில் பார்த்தால் ராக்கையா தலையை அசைப்பான், அவளும் அசைப்பாள். அவ்வளவுதான். வேறெதுவும் அவள் அவனிடம் கேட்டதில்லை.

கடைசியாகக் கேட்டது அன்றைக்குத்தான், கடமலைக்குண்டில், மாப்பிள்ளை வீட்டு வாசலில். உள்ளே நாலைந்து ஆம்பளைகள் கட்டிலிலும் நாற்காலியிலும் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. ராக்கையா வண்டியை ஓரங்கட்டிவிட்டு, "நீ போயிச் சொல்லு, நான் இங்கன நிக்கிறேன்" என்றான். அவள் இரண்டடி எடுத்து வைத்தாள். கால் நின்றுவிட்டது. திரும்பி அவனிடம் வந்தாள். உதடு காய்ந்து ஒட்டியிருந்தது.

"நீங்களும் உள்ள வாங்கண்ணே. பேச வேணாம். நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் பக்கத்துல மட்டும் நில்லுங்க."